கோட்டோட கையில இருக்கிற லேபிளை முதல்ல பிரிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஆம்பளைங்க கோட் சூட் போடறதைப் பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. ரெண்டு தடவை படிச்சேன். எந்த நிறத்துக்கு எந்த டை, எந்த பிராண்டு ஒசத்தி, மேல் பாக்கெட்ல கர்ச்சீப்பை எத்தனை முனையா மடிக்கணும், எல்லாம் இருந்துச்சு, அதுல தப்பு ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா கட்டுரைக்கு மேல பெருசா ஒரு போட்டோ இருந்துச்சே, ஒருத்தர் கோட் போட்டுக்கிட்டு கையைக் கட்டி நிக்கிற மாதிரி, அதுல அவரோட இடது கையை ஆபீஸ்ல யாராவது உத்துப் பார்த்தீங்களா? பட்டன் வரிசைக்குக் கொஞ்சம் மேல, கம்பெனி பேர் நெய்த துணி லேபிள் அப்படியே இருக்கு. ரெடிமேட் சூட் ஆல்டரேஷன் பண்ற மேஜையில 22 வருஷமா உக்காந்திருக்கிறவன் நான். அதைப் பார்த்ததும் இது பேப்பர்ங்கிறதே மறந்துபோய் கை கத்தரியைத் தேடிடுச்சு, அதான் இந்த லெட்டர்.

அந்த லேபிள் அலங்காரம் இல்லீங்க. கடையில கோட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு நெருக்கி தொங்கும், வெளிய தெரியறது கை மட்டும்தான், உள்ள திறந்து பார்க்காமலே இது எந்த கம்பெனி, எந்த மில்லு துணின்னு தெரியட்டும்னு நாலு மூலையிலயும் லேசா தையல் போட்டு வெச்சிருப்பாங்க. வித்ததோட அதுக்கு வேலை முடிஞ்சுது. பிரிக்கறதுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனா பிராண்டு நாலு பேருக்குத் தெரியட்டும்னே சிலர் விட்டு வைக்கிறாங்க, "அண்ணே அதை மட்டும் பிரிச்சுடாதீங்க"ன்னு என்கிட்டயே சொன்னவங்க இருக்காங்க, நானும் சரிங்கன்னு தலையாட்டிட்டு வேற பக்கம் திரும்பிக்குவேன்.

அதே மாதிரிதான் கோட்டுக்குப் பின்னாடி கீழ இருக்கிற கட். நடுவுல ஒண்ணு இருக்கும், இல்ல ரெண்டு பக்கமும் இருக்கும், அதை வெள்ளை நூலாலயோ அதே கலர் நூலாலயோ பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல் போட்டு மூடியிருப்பாங்க. பெட்டியில அடைச்சு வண்டியில வர்றப்போ மடிப்பு விரிஞ்சு கோணிக்கக் கூடாதுன்னு போடறது அது, வீட்டுக்கு வந்ததும் வெட்டி எடுத்துடணும். எடுக்காம போட்டா உக்காரும்போது கட் விரியாது, துணி பின்பக்கம் இழுத்துப் பிடிச்சு அசிங்கமா சுருங்கும். பாக்கெட்டும் அப்படித்தான், வெளிப் பாக்கெட் எல்லாம் தைச்சு மூடியே வரும், பாதிப் பேரு அது பொய் பாக்கெட்னு நினைச்சு வருஷக்கணக்கா விட்டுடறாங்க. உள்ள விரலால தடவிப் பாருங்க, பை இருந்தா நிஜப் பாக்கெட், தையல் பிரிக்கிற ஊசியால ஒவ்வொரு தையலா மெதுவா எடுங்க, கத்தரியை நுழைச்சு ஒரே இழுப்பா இழுத்தா துணியே கிழியும், அப்புறம் என்கிட்டதான் வரணும்.

இதைச் சொல்றதுக்கு எனக்கு என்ன யோக்கியதைன்னு கேட்டீங்கன்னா, நானே பண்ணவன்தான். இந்தத் தொழிலுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு ஆபீஸ் வேலைக்கு இன்டர்வியூ போனேன், அதுக்குன்னு வாங்கின முதல் கோட், லேபிளோட போனேன், பின்னாடி பெருக்கல் குறியோட போனேன். மூணு பேர் முன்னாடி உக்காந்து பதில் சொல்லிட்டு வெளிய வந்தா, வராந்தாவுல ஒரு பெரியவர் உக்காந்திருந்தாரு, அவரும் அதே வேலைக்கு வந்தவர்தான். "தம்பி, கொஞ்சம் திரும்புங்க"ன்னாரு. பையில இருந்து நெயில் கட்டரை எடுத்து நறுக்கு நறுக்குன்னு ரெண்டு வெட்டு, உருவி என் உள்ளங்கையில வெச்சாரு, வெள்ளை நூல், சுருண்டுபோய் ரெண்டு துண்டு. அப்புறம் என் கையைப் புடிச்சுப் பார்த்துட்டு "இதையும் எடுத்துடலாமா"ன்னு கேட்டு லேபிளையும் எடுத்தாரு. எல்லாம் முடிச்சுட்டு "இப்போ சரியா இருக்கு, தைரியமா போங்க"ன்னு முதுகுல தட்டினாரு. நான் போயிட்டு வந்துட்டேன்னு அவர்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. வேலை கிடைக்கல, அதுக்கு நூல்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா உள்ள இருந்த மூணு பேரும் நான் கதவுப் பக்கம் திரும்பி நடந்தப்போ பார்த்திருப்பாங்க, ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல பாருங்க.

உங்க கட்டுரையில எனக்கு இருக்கிற குறையே இதுதான். நிறம், டை, கைக்குட்டை எல்லாம் கண்ணாடியில முன்னாடி தெரியற சமாச்சாரம், அதை அவனவன் பார்த்துக்குவான். கோட்ல தப்பு வர்றது பூரா முதுகுல, தோள்ல, கழுத்துக்குப் பின்னாடி, பேன்ட்டுக்குக் கீழ, ஷூவுக்குள்ள. போட்டவனுக்குத் தெரியாது, பார்த்தவன் சொல்ல மாட்டான்.

தோள்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா கோட்டுங்கிறது தோள்ல தொங்கற பொருள். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், பேன்ட்டை ஏத்தலாம் இறக்கலாம், தோள்ல மட்டும் கை வைக்கச் சொல்லாதீங்க, கையைக் கழட்டி, பேடை எடுத்து, லைனிங்கைப் பிரிச்சு திரும்ப ஏத்தறதுக்குள்ள பாதி கோட்டைப் புதுசா தைச்ச மாதிரி ஆயிடும், அப்பவும் அது பழையபடி உக்காரும்னு எந்த டெய்லரும் சத்தியம் பண்ண மாட்டான். தையல் உங்க தோள் எலும்பு முடியற இடத்துல முடியணும். சுலபமா பார்க்கறதுக்கு ஒரு வழி இருக்கு, கோட்டைப் போட்டுக்கிட்டு சுவத்துக்குப் பக்கவாட்டுல நின்னு அப்படியே சாயுங்க, உங்க கைக்கு முன்னாடி கோட்டோட தோள் பேடு சுவத்துல இடிச்சா அது உங்களுக்குப் பெருசு. தோளுக்குக் கீழ கை ஆரம்பிக்கிற இடத்துல பள்ளம் விழுந்து குழி மாதிரி தெரிஞ்சாலும் தோள் அளவு சரியில்லைன்னு அர்த்தம். வயிறு பட்டன் போட வரலைன்னு ஒரு சைஸ் பெருசா எடுத்துட்டு தோள் தொங்கத் தொங்க வர்றவங்கதான் என்கிட்ட ஜாஸ்தி, அது எப்படின்னா மூக்குக் கண்ணாடி காதுல சரியா உக்காரலைன்னு பவரை மாத்தி வாங்கற மாதிரி.

இந்த இடத்துல ஒரு கணக்கு சொல்லிடறேன், கடையில யாரும் சொல்றதில்ல. செட்டா வர்ற ரெடிமேட் சூட்ல கோட்டோட மார்பு அளவுக்கும் பேன்ட்டோட இடுப்பு அளவுக்கும் பொதுவா 6 இஞ்ச் வித்தியாசம் வெச்சிருப்பாங்க, 40 கோட்டுன்னா 34 பேன்ட். உங்க உடம்பு அந்தக் கணக்குல இல்லைன்னா, நிறையப் பேருக்கு இருக்காது, கோட் தனியா பேன்ட் தனியா சைஸ் எடுக்க விடற கடையில வாங்குங்க, இல்லைன்னா தோளுக்கு ஏத்த கோட்டை எடுத்துட்டு பேன்ட்டை டெய்லர்கிட்ட கொடுங்க.

அடுத்தது கழுத்து. கோட் காலர் சட்டைக் காலரை ஒட்டி உக்காரணும், ரெண்டுக்கும் நடுவுல விரல் போற அளவுக்கு இடைவெளி இருந்தா கோட் பின்னாடி சரியுதுன்னு அர்த்தம். காலருக்குக் கீழ முதுகுல படுக்கை வசத்துல ஒரு மடிப்பு உருண்டு நிக்குதுன்னா உங்க தோள் அந்தக் கோட் தைச்ச அச்சை விட நிமிர்ந்த தோள். இது ரெண்டாவது சொன்னது சரி பண்ணலாம், காலரைக் கழட்டி உபரித் துணியை எடுத்து கொஞ்சம் கீழ இறக்கித் தைப்போம். ஒருத்தர் வந்தாரு, மூணு இடத்துல காட்டிட்டேன் எல்லாரும் இடுப்பைப் பிடிச்சாச்சு இன்னும் முதுகு சரியாவே வரலைன்னு அலுத்துக்கிட்டாரு. திரும்பச் சொல்லி போன்ல முதுகை ஒரு போட்டோ எடுத்து அவர்கிட்டயே காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு "இவ்ளோ நாளா இப்படியேவா சுத்திட்டு இருந்தேன்"னாரு. அந்த மடிப்பு அவ்வளவு பெருசு, காலர் வேலை அரை நாள்ல முடிஞ்சுது. அதுல இருந்து என் மேஜைக்கு யார் வந்தாலும் முதல்ல முதுகைத்தான் போட்டோ எடுக்கறேன், வீட்ல நீங்களும் யாரையாவது எடுக்கச் சொல்லுங்க, இயல்பா நில்லுங்க, மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்காதீங்க.

கை நீளம் பத்தி நிறைய சண்டை போட்டிருக்கேன். கோட் கை மணிக்கட்டு எலும்புகிட்ட முடியணும், அதுக்குக் கீழ சட்டை கால் இஞ்ச்ல இருந்து அரை இஞ்ச் வரைக்கும் எட்டிப் பார்க்கணும், அவ்வளவுதான். கை நீளமா விட்டா இன்னும் பல வருஷம் போடலாம்னு வளர்ற பிள்ளைக்கு எடுக்கற மாதிரி எடுக்கறாங்க, 35 வயசுல கை வளராதுங்க. ரெண்டு கையும் ஒரே நீளம் இருக்காது, அதனால ரெண்டையும் அளக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, கையில இருக்கிற பட்டனுக்கு நிஜமா காஜா வெட்டியிருந்தா கீழ இருந்து குறைக்க முடியாது, காஜா விளிம்புக்கு வந்து நிக்கும், அப்போ மேல தோள்ல கையைக் கழட்டித்தான் குறைக்கணும், அது பெரிய வேலை. பெரும்பாலான ரெடிமேட் கோட்ல காஜா மாதிரி நூல் வேலை மட்டும்தான் இருக்கும், வெட்டியிருக்க மாட்டாங்க, அது ஏமாத்து இல்ல, உங்களுக்கு வசதிக்குத்தான்.

கோட் பட்டன் சமாச்சாரம் எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன், ஆனா உங்க பக்கத்துலயே உள்ள ஒரு சின்னப் போட்டோவுல ரெண்டு பட்டனையும் போட்டுக்கிட்டு ஒருத்தர் நிக்கிறாரு. ரெண்டு பட்டன் கோட்ல மேல உள்ளது மட்டும், மூணு பட்டன்ல நடுவுல உள்ளது கட்டாயம், மேலது இஷ்டம், அடியில உள்ளது எந்தக் காலத்திலயும் கிடையாது. இங்கிலாந்து ராஜா 7ஆம் எட்வர்டு உடம்பு பெருத்துப்போய் வெயிஸ்ட்கோட் கடைசிப் பட்டனைப் போட முடியாம விட்டாரு, பார்த்தவங்க எல்லாரும் விட்டாங்கன்னு ஒரு கதை சொல்வாங்க. கதை எப்படியோ, இன்னிக்கு கோட்டை வெட்டறப்பவே அடிப் பட்டனுக்குக் கீழ முன்பக்கம் விலகிப் போற மாதிரிதான் வெட்டறோம், அதைப் போட்டா இடுப்புல இழுத்துப் பிடிக்கத்தான் செய்யும். உக்காரும்போது பட்டனைக் கழட்டுங்க, எழுந்தா போடுங்க. ரெண்டு வரிசைப் பட்டன் உள்ள கோட்டுன்னா நிக்கிறப்போ திறந்து விடாதீங்க, முன்னாடி துணி டபுளா இருக்கிறதால ரெண்டு பக்கமும் கதவு மாதிரி ஆடும். நிக்கும்போது பட்டன் போட்ட இடத்துல இருந்து நாலு பக்கமும் சுருக்கம் ஓடினா கோட் டைட், ஸ்லிம் ஃபிட்னு சொல்லி இப்போ விக்கிறதுல பாதி இந்தக் கதைதான்.

பேன்ட் அளவு எடுக்கறப்போ ரெண்டு தப்பு. ஒண்ணு, செருப்போட வந்து அளவு கொடுக்கறது. எந்த ஷூ போடப் போறீங்களோ அதைப் போட்டுக்கிட்டு வாங்க, ஹீல் உயரத்துல பேன்ட் நீளம் மாறிடும். ரெண்டாவது, நான் கீழ குண்டூசி குத்திட்டு இருக்கறப்போ என்ன பண்றான்னு குனிஞ்சு பார்க்கறது, குனிஞ்சா இடுப்பு மடங்கி பேன்ட் நகர்ந்துடும், நீளம் தப்பாப் போகும், நிமிர்ந்து எதிர்ல பார்த்து நில்லுங்கன்னு நான் சொல்லாத நாளில்ல. கீழ பேன்ட் ஷூ மேல லேசா தொட்டு ஒரே ஒரு மடிப்பு விழுந்தா போதும், இல்ல மடிப்பே விழாம தொடாம நின்னாலும் இப்போ சரிதான், ஆனா அக்கார்டியன் மாதிரி அடுக்கு அடுக்கா குமியறது எந்த ஃபேஷன்லயும் சேராது. சூட் பேன்ட்டை ஜீன்ஸ் மாதிரி இடுப்பெலும்புக்குக் கீழ இறக்கிப் போடறதுதான் இன்னொரு கொடுமை, கோட் பட்டனுக்குக் கீழ முக்கோணமா வெள்ளைச் சட்டையும் டை நுனியும் தெரியும். பேன்ட்டைக் கொஞ்சம் மேல ஏத்திப் போட்டாலே காலும் நீளமாத் தெரியும், அந்த முக்கோணமும் போயிடும்.

டை நுனி பெல்ட் பக்கிள்கிட்ட முடியணும், கழட்டறப்போ சின்ன முனையைப் பிடிச்சு உருவாம முடிச்சை எப்படிப் போட்டீங்களோ அப்படியே திருப்பிப் பிரிங்க, முடிச்சோடயே ஆணியில மாட்டி வைக்காதீங்க. டையும் பாக்கெட் கைக்குட்டையும் ஒரே துணியில செட்டா வர்றதை நான் வாங்க மாட்டேன், உங்க கட்டுரை அதை சிபாரிசு பண்ணியிருக்கு, அது உங்க இஷ்டம். பெல்ட் நிறமும் ஷூ நிறமும் ஒத்துப் போகணும், கறுப்பு சூட்டுக்கு பிரவுன் ஷூ ஒட்டாது, நேவி ப்ளூவுக்கு ரெண்டும் ஒட்டும். கோட்டுக்குள்ள அரைக்கை சட்டை வேண்டாம். நிறத்தைப் பத்தி இவ்வளவு போதும்.

துணி பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். சூப்பர் 100, சூப்பர் 120, சூப்பர் 150னு கோட் உள்ள எழுதியிருக்கும், நம்பர் ஜாஸ்தின்னா தரம் ஜாஸ்தின்னு விக்கிறாங்க, வாங்கறாங்க. அது கம்பளி நூலிழை எவ்வளவு சன்னம்ங்கிற கணக்கு. சூப்பர் 100னா இழையோட தடிமன் 18.75 மைக்ரானுக்குள்ள (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இருக்கணும், 120னா 17.75, 150னா 16.25. சன்னமாக ஆக தொட்டா பட்டு மாதிரி இருக்கும், ஆனா சீக்கிரம் கசங்கும், தொடை உரசற இடத்துல சீக்கிரம் தேஞ்சு போகும். வாரத்துல மூணு நாள் போடறவருக்கு 100, 120 தாராளம். எனக்கு வர்ற கிழிசல் கேஸ்ல விலை ஒசந்த சூட்டுதான் அதிகம்னா நம்புவீங்களா. கோட்டுக்கு முன்னாடியே பேன்ட்தான் போகும், அதனால தினம் சூட் போடறவங்க ஒரு கோட்டுக்கு அதே துணியில ரெண்டு பேன்ட்டா எடுங்க, சலவைக்குப் போட்டா எல்லாத்தையும் சேர்த்தே போடுங்க, ஒண்ணை மட்டும் போட்டா நாளாவட்டத்துல நிறம் மாறி ரெண்டும் வேற வேற சூட் மாதிரி ஆயிடும்.

சலவைன்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஒரு தடவை போட்டதுக்கெல்லாம் ட்ரை க்ளீனிங் கொடுக்காதீங்க. பிரஷ் பண்ணி, அகலமான தோள் உள்ள ஹேங்கர்ல ஒரு நாள் காத்தாட விட்டா போதும், கறை பட்டாலோ வாடை வந்தாலோ கொடுங்க. கோட்டோட முன்பக்கத்துக்குள்ள விறைப்பா நிக்கறதுக்கு ஒரு துணி வெச்சிருப்பாங்க, நல்ல கோட்ல அது கான்வாஸ், தையல்ல பிடிச்சிருக்கும், விலை குறைஞ்சதுல பசை வெச்சு சூடு பண்ணி ஒட்டியிருப்பாங்க. ஒட்டினதை அடிக்கடி சலவைக்குக் கொடுத்து சூடு பட்டுக்கிட்டே இருந்தா பசை விட்டுப்போய் மார்புப் பக்கம் கொப்புளம் கொப்புளமா எழும்பும், அதை நல்லபடியா சரி பண்ண எனக்குத் தெரிஞ்ச வழி இல்ல. அயர்ன் பாக்ஸை நேரா கறுப்புக் கம்பளி மேல வெச்சுத் தேய்ச்சா வழவழன்னு மினுங்க ஆரம்பிக்கும், பலபேர் அதை புதுப் பளபளப்புன்னு நினைச்சுக்கறாங்க, அது துணி நசுங்கின அடையாளம். நடுவுல ஈரக் காட்டன் துணி ஒண்ணு போட்டுத் தேயுங்க. கோட் போட்டுக்கிட்டு முதுகுல பை மாட்டறதும் அப்படித்தான், பட்டை உரசி உரசி தோள் துணி சாயம் வெளுத்துப்போன மாதிரி ஆயிடும்.

இப்போ ஷூவுக்கு வர்றேன். என் மேஜைக்குப் பக்கத்து மேஜை ஷூ ரிப்பேர், அந்த அண்ணன் வேலையைப் பார்த்துப் பார்த்தே பாதி தெரிஞ்சுது. அவர் சொல்றது, வர்ற பத்து ஷூவுல பாதி போட்டவரோட காலுக்குப் பெருசு. ஏன்னா நிறையப் பேருக்குக் கால் அகலம், ஷூ அகலம் பத்தல, விரல் பக்கம் பிடிக்குது, உடனே ஒரு சைஸ் பெருசா கேக்கறாங்க. பெரிய சைஸ்ல நீளமும் கூடிடுது, இங்கிலாந்து சைஸ் கணக்குல ஒரு முழு நம்பர்னா மூணுல ஒரு இஞ்ச், அதாவது கிட்டத்தட்ட எட்டரை மில்லிமீட்டர். நீளம் கூடினதும் ஷூ மடங்கற இடமும் உங்க கால் மடங்கற இடமும் வேற வேற ஆயிடுது, முன்னாடி கோணலா சுருக்கம் விழுது, மூக்கு மேல தூக்கிக்குது, பின்னாடி ஹீல்ல குதிகால் நழுவி நழுவி தோல் உரியுது. ஒரே நம்பர்ல அகலமான அச்சு கேளுங்கன்னு அவர் தலையால அடிச்சுக்குவாரு. பிரானாக் டிவைஸ்னு ஒரு இரும்புத் தட்டு, சார்லஸ் பிரானாக்னு அமெரிக்காவுல சிரக்யூஸ் ஊர்க்காரர் 1920கள்ல கண்டுபிடிச்சது, சில கடையில இன்னும் வெச்சிருப்பாங்க. அதுல நீளம், அகலம், குதிகால்ல இருந்து கட்டைவிரல் மூட்டு வரைக்கும் உள்ள தூரம், மூணும் தெரியும். மூணாவதைத்தான் யாரும் பார்க்கறதில்ல, ஷூ மடங்க வேண்டிய இடம் அதுதானே. சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போ போய் அளவு கொடுங்க, நின்னு கொடுங்க, எந்தக் கால் பெருசோ அதுக்கு வாங்குங்க.

லேஸ் போடற இடம் ரெண்டு பக்கமும் சேர்த்து அடியில தைச்சு மூடியிருந்தா அது ஆக்ஸ்ஃபோர்டு, மேல ரெண்டு இறக்கை மாதிரி திறந்திருந்தா டெர்பி. சூட்டுக்கு முறைன்னு பார்த்தா ஆக்ஸ்ஃபோர்டுதான், ஆனா பாதத்தோட மேடு உயரமா இருக்கிறவங்க அதைப் போட்டா லேஸ் கட்டினதுக்கப்புறமும் வி எழுத்து மாதிரி விரிஞ்சே நிக்கும், அவங்களுக்கு டெர்பிதான் நிம்மதி, யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. லேஸை அவுக்காம குதிகாலை மிதிச்சுக்கிட்டே ஷூவுக்குள்ள காலைத் திணிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன், பின்பக்கம் உள்ள விறைப்பா ஒரு துண்டு இருக்கு, அது ஒரு தடவை உடைஞ்சா உடைஞ்சதுதான். ஷூ ஹார்ன் விலை கேட்டா சிரிப்பீங்க. யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கற கதையா, சூட்டுக்குக் கொட்டிக் கொடுத்தவங்க இதுக்கு யோசிக்கறாங்க. ஒரே ஜோடியை தினமும் போடாதீங்க, உள்ள இறங்கின வேர்வை காய ஒரு நாளாவது வேணும், நடுவுல மரக்கட்டை அச்சு வெச்சா சுருக்கமும் நீவிக்கும்.

பாலிஷ்னு ஸ்பாஞ்சு வெச்ச திரவத்தை அழுக்கு மேலயே தேய்ச்சுக்கிட்டு ஓடறாங்க, அது தட்டு தட்டா ஏறி மடிப்புல வெடிக்கும். முதல்ல பிரஷ் பண்ணுங்க, க்ரீம் போடுங்க, காய விட்டு தேயுங்க. கண்ணாடி மாதிரி மினுங்க வைக்கிற மெழுகு மூக்குலயும் குதிகால்லயும் மட்டும்தான், நடுவுல மடங்கற இடத்துல போட்டா அடுத்த அடியிலயே கீறல் விழும்.

பக்கத்து மேஜையில நடந்த ஒண்ணை மட்டும் எழுதிடறேன். ஒருத்தர் கையில ஷூவோட, கால்ல வெறும் சாக்ஸோட ஓடி வந்தாரு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினது, ரெண்டே தடவை போட்டு பெட்டியில துணி சுத்தி பத்திரமா வெச்சிருந்தாராம், அன்னிக்கு ஒரு முக்கியமான மீட்டிங், எடுத்துப் போட்டாரு, மேல தோல் புத்தம் புதுசு. படியேறினப்போ ஏதோ மண்ணுல நடக்கற மாதிரி இருந்துச்சாம், திரும்பிப் பார்த்தா வந்த வழி பூரா கறுப்புக் கேக் பொடி மாதிரி உதிர்ந்து கிடக்கு. அண்ணன் ஷூவோட அடி சோலை விரலால அழுத்தினாரு, அப்படியே பொடியா உதிர்ந்துச்சு. ஏமாத்திட்டாங்கன்னு அவர் கத்தினாரு. ஏமாத்து இல்ல, சோல் பாலியூரித்தேன்ங்கிற செயற்கைப் பொருள், சுருக்கமா பி.யு.ன்னு சொல்வாங்க, காத்துல இருக்கிற ஈரம் பட்டுப் பட்டு அந்தப் பொருள் தானா உள்ளுக்குள்ளயே உடைஞ்சுக்கிட்டு வரும், பெட்டியில மூடி வெச்சாலும் நிக்காது. ஆசைப்பட்டு எடுத்து வெச்ச ஷூதான் அதனால முதல்ல போகுது. தோல் சோலோ, நல்ல ரப்பர் சோலோ இப்படி உதிராது, வாங்கறப்போ சோல் என்னன்னு கேளுங்க, பி.யு.ன்னா ஒளிச்சு வைக்காம போட்டுத் தேயுங்க, விசேஷத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே எடுத்து வளைச்சுப் பாருங்க. அந்த ஆள் கடைசியில அண்ணனோட ஷூவைப் போட்டுக்கிட்டு மீட்டிங்குக்குப் போனாரு, ஒரு சைஸ் சின்னது, சாயங்காலம் நொண்டிக்கிட்டே வந்து திருப்பிக் கொடுத்தாரு.

சாக்ஸ் மறந்துட்டேன். கால் மேல கால் போட்டு உக்காந்தா கால் தோல் தெரியக் கூடாது, பாதி கெண்டைக்கால் வரைக்கும் வர்றதா வாங்குங்க, நிறம் பேன்ட்டைப் பார்த்து எடுங்க. விளையாட்டுக்குப் போடற வெள்ளை சாக்ஸ் சூட்டுக்குக் கீழ எட்டிப் பார்த்தா மேல பண்ணின வேலை அத்தனையும் வீண்.

அடுத்த தடவை இந்த மாதிரி பக்கம் போடறப்போ ஒரு போட்டோவாவது முதுகுப் பக்கம் எடுத்துப் போடுங்க சார், அதைப் பார்த்தா நாலு பேரு வீட்ல திரும்பி நின்னு பார்ப்பாங்க.

அப்புறம் ஷூ மழையில நனைஞ்சா வெயில்லயோ ஹீட்டர்கிட்டயோ வைக்காதீங்க, தோல் வெடிச்சுடும். நிழல்ல சாய்ச்சு வெச்சு உள்ள பேப்பரைச் சுருட்டித் திணிங்க, ஈரம் ஏறினதும் மாத்துங்க. நான் இத்தனை வருஷமா உங்க பேப்பரைத்தான் திணிச்சுட்டு வர்றேன், தப்பா எடுத்துக்காதீங்க, படிச்சதுக்கப்புறம்தான். உள் லைனிங் வெளுத்த கலரா இருந்தா மட்டும் உங்க மை ஒட்டிக்குது, அதுக்கு வெள்ளைத்தாள் வெச்சுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு ஆல்டரேஷன் டெய்லர்